‘நன்றி’ என்று முடியும் குத்தல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். 32 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கடிதம் எழுதியும், பிறர் எழுதிய வரைவுகளைத் திருத்தியும் ஓய்வுபெற்றவன் நான். இப்போது சென்னையின் தென்புறநகரில் 24 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எழுத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவனுக்கு நான்கு வரி வாட்ஸ்அப் செய்தி எழுதத் தெரியவில்லை என்பதைக் கடந்த கோடையில் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்துவதற்கு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். மே மாதத்தில், லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த நாள்களில், மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் தம் முறையன்று மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார். அந்த மாதத்தில் அது அவருக்கு இரண்டாவது முறை. தொட்டி நிரம்பி, மாடியிலிருந்து அரை மணி நேரம் தண்ணீர் கொட்டியது. நான் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்து, இரவு 11 மணிக்குக் குழுவில் இப்படி எழுதினேன்: “மோட்டாரை நிறுத்துவது செயலாளரின் வேலை மட்டும்தான் போலிருக்கிறது. சிலருக்குத் தண்ணீரின் அருமை தெரியாமல் இருப்பது அவர்கள் குற்றமல்ல. பரவாயில்லை, இனி நானே பார்த்துக்கொள்கிறேன். நன்றி.” இறுதியில் கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்தேன். ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல் முடித்துவிட்டோம் என்ற நிறைவோடு படுத்தேன்.

காலையில் பார்த்தால், யாரை நினைத்து எழுதினேனோ அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். அச்செய்தியில் தமக்கு ஏதோ இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. முதல் மாடியில் தனியாக இருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மோட்டார் அறைச் சாவியை என் வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு தம் முறையில் பத்து நிமிடம் தாமதமாக நிறுத்தியதற்காக என்னிடம் நேரில் வந்து வருத்தம் சொன்னவர் அவர். ‘சிலர்’ என்று நான் எழுதியது தம்மைத்தான் என்று எண்ணிக்கொண்டார். 11 நாள்கள் என்னோடு பேசவில்லை. பெயர் சொல்லாமல் எறியும் கல் எப்போதும் இப்படித்தான் போய் விழுகிறது: தவறு செய்தவருக்கு உறைப்பதில்லை, ஏற்கெனவே கூச்சப்பட்டுக்கொண்டிருப்பவர் நெஞ்சில் போய் விழுகிறது.

இந்தத் தொனிக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. சாடைப் பேச்சு, குத்திக்காட்டுதல், இடக்கு என்று நம் வீடுகளில் வழங்கும் சொற்கள் பல. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல என்ற மரபுத்தொடர் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைய இளைஞர்கள் ‘உள்குத்து’ என்கிறார்கள். எனக்கு இச்சொல்லே மற்றவற்றைவிடப் பொருத்தமாகப் படுகிறது. இலக்கணத்திலோ வஞ்சப்புகழ்ச்சிக்கு அணி என்ற தகுதியே கொடுத்திருக்கிறோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு, “இவை மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த மனையில் அழகாக இருக்கின்றன, எம் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன” என்ற பொருளில் பாடியதைப் பள்ளியில் படிக்காதவர் குறைவு. ஆனால் அங்கே சொன்னவர் ஒரு புலவர். கேட்டவன் படையுடைய அரசன். நேராகச் சொல்ல முடியாத இடத்தில், ஒரு போரைத் தடுப்பதற்காகச் சொன்ன சொல் அது. அண்டை வீட்டாரிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்வதற்கு ஔவையாரின் உத்தி தேவைதானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நேராக எதிர்க்காமல் மறைமுகமாக எதிர்ப்பைக் காட்டும் இப்போக்கை ஆங்கிலத்தில் ‘பேசிவ் அக்ரெசிவ்’ (passive-aggressive) என்பார்கள். உளவியலில் அச்சொல் புழக்கத்துக்கு வந்த வரலாறும் இதையே காட்டுகிறது. 1945ஆம் ஆண்டில் அமெரிக்கப் போர்த்துறை தன் மருத்துவர்களுக்காக வெளியிட்ட ஏட்டில், மேலதிகாரியின் ஆணையை வெளிப்படையாக மறுக்கவும் முடியாமல் மனமொப்பிச் செய்யவும் முடியாமல், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது, பிடிவாதம் பிடிப்பது, தள்ளிப்போடுவது, வேலையை அரைகுறையாகச் செய்வது என்று எதிர்ப்பைக் காட்டும் படைவீரர்களைப் பற்றித்தான் அச்சொல் முதலில் எழுதப்பட்டது. ‘முடியாது’ என்று சொல்ல இடமில்லாதவர்கள் கண்டுபிடித்த வழி அது. இடமிருந்தும் சொல்லாத என்னைப் போன்றவர்களை அந்த ஏட்டில் எந்த வகையில் சேர்த்திருப்பார்களோ தெரியாது.

தமிழில் எழுதும்போது இந்தத் தொனி வசைச்சொல்லில் தங்குவதில்லை. மிகச் சிறிய இடைச்சொற்களில் தங்குகிறது என்பது என் அலுவலக அனுபவமும் இப்போதைய குழு அனுபவமும் சேர்ந்து சொல்லும் பாடம். “இன்று பராமரிப்புப் பணத்தை அனுப்பவும்” என்பது கோரிக்கை. “இன்றாவது பராமரிப்புப் பணத்தை அனுப்பவும்” என்பது குற்றப்பத்திரிகை. கூடியிருப்பது ‘ஆவது’ என்ற ஒட்டு மட்டுமே. ஆனால் நேற்றும் அனுப்பவில்லை, அதற்கு முந்தைய நாளும் அனுப்பவில்லை, இன்றும் அனுப்புவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை என்பவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. “பதில் வரவில்லை” என்பதோடு “ஒரு பதில்கூட வரவில்லை” என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். “நான் முன்பே சொன்னேன்” என்பதில் ஒரு செய்தி உண்டு. “நான்தான் முன்பே சொன்னேனே” என்பதில் அந்தச் செய்தியோடு ஒரு தலைக்குட்டும் உண்டு. ‘போலும்’, ‘போலிருக்கிறது’ என்பவை இன்னும் வசதியானவை. “எல்லோரும் வேலையாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது” என்று எழுதியவரிடம் ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், “அப்படியா சொன்னேன், தோன்றியதை எழுதினேன்” என்று நழுவிவிடலாம். அந்த நழுவுவழியை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு எழுதுவதே இத்தொனியின் உயிர்.

இறந்தகாலத்தில் வரும் ‘இருக்கலாம்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்”, “முன்னமே கேட்டிருக்கலாம்” என்று குடும்பக் குழுக்களில் நாள்தோறும் எழுதுகிறோம். இவ்வாக்கியத்தைப் பெறுகிறவர் இப்போது செய்யக்கூடியது என்று எதுவும் அதில் இல்லை. சென்றுபோன நாளுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வர யாராலும் இயலாது. அவர் அடையக்கூடியது குற்ற உணர்ச்சி ஒன்றுதான். எழுதியவர் விரும்பியதும் பெரும்பாலும் அதைத்தான். சொந்தத்தில் ஒரு பெரியம்மா, “புதுமனை புகுவிழாவின் படங்களைப் பார்த்தேன், மிக நன்றாக இருந்தது, எங்களுக்கும் தெரிந்திருந்தால் வந்திருக்கலாம்” என்று எழுதினால், அதற்கு என்ன பதில் எழுத முடியும்? அழைப்பு வராததில் எனக்கு வருத்தம் என்று அவர் எழுதியிருந்தால் மன்னிப்பாவது கேட்கலாம்.

மரியாதைச் சொற்களும் இவ்வேலைக்கு நன்றாகவே பயன்படுகின்றன. வேறு பல மொழிக்காரர்களுக்கு இல்லாத ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது: நீ, நீங்கள், தாங்கள் என்ற மூன்று படிகள். மரியாதை கூடக் கூட நெருக்கம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே, நேற்றுவரை “நீங்கள் எப்போது வருவீர்கள்” என்று கேட்டவர் இன்று “தாங்கள் வருவதாக உத்தேசம் உண்டா” என்று எழுதினால், மரியாதை ஏறவில்லை, கதவு சாத்தப்படுகிறது என்று பொருள். ‘நீ’ என்று அழைக்கும் மனைவி கணவனுக்கு “நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்” என்று செய்தி அனுப்பினால் அன்று வீடு திரும்பக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ‘நாம்’ என்ற சொல்லும் அப்படித்தான். குப்பையைப் பிரித்துப் போடாதது ஒரே ஒரு வீடு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, “நாம் எல்லோரும் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துப் போடப் பழகிக்கொள்வோமா?” என்று எழுதுவதில் வரும் ‘நாம்’ யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை, ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறது.

அலுவலகக் கடிதங்களை வறட்டு நடை என்று கேலி செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த நடையில் ஒரு நேர்மை இருந்ததாகத் தோன்றுகிறது. பொருள் என்ன என்று முதல் வரியில் இருக்கும். பார்வையில் முந்தைய கடிதங்களின் நாள்கள் இருக்கும். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது உடலில் இருக்கும். பதில் வராவிட்டால் நினைவூட்டு 1, நினைவூட்டு 2 என்று தலைப்பிலேயே எண் போட்டுச் செல்லும். அதில் “ஒருவேளை எங்கள் கடிதம் தங்கள் பார்வைக்கு வரவில்லையோ என்னவோ” என்ற இழுவை இருக்காது. ஒழுங்கு நடவடிக்கைக்கான ‘17(அ)’ குறிப்பாணை கையில் வந்தால் விளக்கம் கேட்கிறார்கள் என்று புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கும் தெரியும். அதில் சாடை இல்லை. அரசு நடையிலும் உள்குத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கடிதத்தின் அடியில் வரும் ‘நகல்’ தான் அது. தொலைபேசியில் ஒரு சொல்லில் முடியும் காரியத்துக்குக் கடிதம் எழுதி, நகலை மேலதிகாரிக்கு அனுப்பி, “தகவலுக்காகப் பணிந்தனுப்பப்படுகிறது” என்று போடுவது, கோள்சொல்வதன் எழுத்து வடிவம். மின்னஞ்சல் வந்த பிறகு அந்த வசதி எல்லா அலுவலகங்களுக்கும் பரவிவிட்டது. எந்தத் தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞரைக் கேட்டாலும், தமக்கு வந்த மின்னஞ்சலில் முதலில் பார்ப்பது யார் யாருக்கு நகல் போயிருக்கிறது என்பதைத்தான் என்பார்.

இதுவரை எழுதுபவரின் குற்றத்தைச் சொன்னேன். படிப்பவரும் தவறாகப் படிக்கிறார் என்பதையும் சொல்லாவிட்டால் இக்கடிதமே ஒருதலைப்பட்சமாகிவிடும். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்களைச் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் செய்தார்கள். நூற்றுக்கு 78 வாக்கியங்களையாவது எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டவை 56. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 கிடைத்திருக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 வரை சரியாகப் போய்ச் சேர்ந்தன. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை, தம் அச்சத்தின் குரலில்தான் படித்துக்கொள்கிறார். குத்தலாக நாம் எழுதியதை அன்பாகப் படிப்பவரும் உண்டு, அன்பாக எழுதியதைக் குத்தலாகப் படிப்பவரும் உண்டு. எங்கள் மூன்றாம் மாடிக்காரரும் முதல் மாடி ஆசிரியையும் ஒரே செய்தியில் இதை நிரூபித்தார்கள்.

வயதும் இதில் குறுக்கே வருகிறது. ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தால், அதை மனமில்லாத பதிலாக இளைஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களைக் கொண்டு செய்து 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வும் இதையே சொன்னது. அதே பதில் கையால் எழுதிய துண்டுச் சீட்டில் இருந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்காமல் எழுதியவர்கள் நாம். அச்சுக்கூடம் வந்த பிறகு முற்றுப்புள்ளியைக் கற்றுக்கொண்டு, அதை வைக்காதவனுக்கு மதிப்பெண் குறைத்த பள்ளிகளில் படித்தவன் நான். “சரி.” என்று என் மகளுக்கு எழுதினால் “அப்பா, கோபமா?” என்று கேட்கிறாள். கோபமில்லை, பழக்கம். இப்போது “சரிம்மா” என்று எழுதுகிறேன். ஒரு ‘ம்மா’ எவ்வளவு வேலை செய்கிறது! 2014ஆம் ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப்பில் வந்த இரட்டை நீலக் குறி இன்னொரு தொல்லை. படித்துவிட்டார், பதில் இல்லை என்றால் அதுவே ஒரு பதிலாக எண்ணப்படுகிறது. பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையால் பார்த்தவருக்கும், வேண்டுமென்றே மௌனம் காப்பவருக்கும் ஒரே நீலம்தான்.

சாவியைப் பெற்றுக்கொண்ட பிறகு நான் செய்யத் தொடங்கியது மிகச் சாதாரணமானது. எழுதியதை அனுப்புமுன் அதிலிருந்து ‘ஆவது’, ‘கூட’, ‘தானே’, ‘போலிருக்கிறது’, ‘சிலர்’ ஆகியவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். எடுத்த பிறகும் ஒரு வேண்டுகோள் மிஞ்சினால் அதை மட்டும் அனுப்புகிறேன். எதுவும் மிஞ்சவில்லையென்றால், நான் எழுத வந்தது செய்தியல்ல, புலம்பல் என்று தெரிந்துவிடுகிறது; புலம்பலை மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம், அவருக்கு அது பழகிவிட்டது. என் மே மாதச் செய்தியை இப்படிச் சலித்துப் பார்த்தபோது மிஞ்சியது ‘நன்றி’ மட்டுமே. அதற்கும் அங்கே வேலையில்லை, ஏனென்றால் எவரும் எதையும் எனக்குச் செய்து தந்திருக்கவில்லை. செய்யாத உதவிக்கு முன்கூட்டியே நன்றி சொல்வது, மறுக்க வழியில்லாமல் கையைக் கட்டுவதுதான்.

ஒருவரிடம் சொல்ல வேண்டியதை 24 வீடுகளுக்குச் சொல்லக் கூடாது என்பது இரண்டாவதாக நான் கற்றது. அதே செய்தியை இன்று எழுத நேர்ந்தால், மூன்றாம் மாடிக்காரருக்குத் தனியாக, “சார், இன்று உங்கள் முறையில் மோட்டார் அரை மணி நேரம் கூடுதலாக ஓடித் தண்ணீர் வழிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. இரவு வேலைக்குப் போகும் நாள்களில் உங்களால் முடியாது என்றால் சொல்லுங்கள், முறையை மாற்றிக்கொள்ளலாம்” என்று எழுதுவேன். கோபம் என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. கோபத்தைக் கோபம் என்று சொன்னால் அது அந்த இடத்தோடு முடிகிறது. மறைத்து வைத்தால் ஒவ்வொரு இடைச்சொல்லிலும் எட்டிப் பார்க்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்தும் வசதி 2023ஆம் ஆண்டு மே மாதம் முதல் இருக்கிறது. இரவு 11 மணிக்கு அனுப்பியவர்களுக்கு அது போதாது. கோபம் தணியக் காலை வரை ஆகும். ஆகவே இரவில் எழுதிவைத்துக் காலையில் பார்க்கிறேன். பாதிக்கு மேல் அனுப்பாமலே அழிந்துவிடுகின்றன.

குத்தலான செய்தி நமக்கு வந்தால் என்ன செய்வது என்பது இதைவிடக் கடினம். அதே நடையில் திருப்பிக் கொடுப்பதுதான் கை போகும் வழி. எங்கள் குழுவில் அப்படித் தொடங்கிய வாகன நிறுத்தத் தகராறு ஒன்று, இரு தரப்பும் “நல்லது”, “மிக்க மகிழ்ச்சி”, “தங்கள் அறிவுரைக்கு நன்றி” என்று ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே காவல் நிலையம் வரை போனது. இப்போது நான், சாடையை விட்டுவிட்டு அதன் உள்ளே வேண்டுகோள் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் தேடி அதற்குப் பதில் சொல்கிறேன். “செயலாளருக்கு நேரமிருந்தால் படிக்கட்டு விளக்கையும் கவனிக்கலாம்” என்று ஒருவர் எழுதினார். “எந்த மாடியில் எரியவில்லை? நாளை மின்பணியாளர் வருகிறார்” என்று பதில் எழுதினேன். அவர் “இரண்டாம் மாடி சார்” என்றார். முடிந்தது. தொடர்ந்து குத்தலாகவே எழுதுபவர் என்றால் தொலைபேசியில் அழைத்து, “உங்களுக்கு என்மேல் ஏதோ வருத்தம் இருப்பதாகத் தெரிகிறது, என்ன என்று சொல்லுங்கள்” என்று கேட்டுவிடலாம். நேரில் கேட்டால் பாதிப் பேர் மறுத்துவிடுவார்கள். மீதிப் பேரிடம் உண்மையான காரணம் ஒன்று இருக்கும்.

அந்த மீதிப் பேரைப் பற்றித்தான் பொறுப்பில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். என் கீழ் வேலை பார்த்த ஓர் உதவியாளர், “தங்கள் உத்தரவுப்படி மீண்டும் ஒருமுறை தட்டச்சு செய்து வைக்கப்பட்டுள்ளது” என்று கோப்பில் குறிப்பு எழுதுவார். அந்த ‘மீண்டும் ஒருமுறை’யைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், திமிர் என்று நினைத்துக்கொள்வேன். ஒரே வரைவை நான்கு முறை திருப்பியனுப்பிய என்னிடம், ஒரே தடவையில் எல்லாத் திருத்தங்களையும் சொல்லுங்கள் என்று அவர் நேராகக் கேட்டிருந்தால் நான் எப்படி நடந்துகொண்டிருப்பேன் என்று இப்போது யோசிக்கிறேன். நல்லபடியாக நடந்துகொண்டிருக்க மாட்டேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. மாமியாருக்கு எழுதும் மருமகளும், மேலாளருக்கு எழுதும் ஊழியரும், வீட்டு உரிமையாளருக்கு எழுதும் குடித்தனக்காரரும் சாடையாக எழுதினால், அவர்களுடைய நடையைத் திருத்துமுன், நேராக எழுதினால் அவர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும். சமமானவர்களுக்கு இடையே இத்தொனி கோழைத்தனம். கீழிருந்து மேலே போகும்போது அது பல நேரம் தற்காப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இக்கடிதத்தை எழுதி முடித்ததும், பத்திரிகையில் பெயர் போடாமல் அண்டை வீட்டாரைப் பற்றி எழுதுவதும் ஒரு சாடைதானே என்று உறைத்தது. எனவே தங்களுக்கு அனுப்புமுன் சம்பந்தப்பட்ட இருவரிடமும் எடுத்துச் சென்றேன். ஆசிரியை முழுவதையும் படித்துவிட்டு, இரண்டு இடங்களில் ஒற்றுப்பிழை திருத்தித் தந்தார். வேறெதுவும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். மூன்றாம் மாடிக்காரர், அந்தச் செய்தி தம்மைப் பற்றியது என்று இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, நான் ‘மூன்றாவது முறை’ என்று எழுதியிருந்ததைக் காட்டி, “இரண்டாவது முறைதான் சார், முதல் தடவை மின்வெட்டு” என்றார். குறிப்பேட்டைப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. மேலே திருத்திவிட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
சென்னை.